வயரிங் லிஸ்டில் டிபி, எஃப்பி, ஆர்சிசிபி, சி16... கடைக்குக் கடை ஒரு விளக்கம், யாராவது சரியாகச் சொல்லுங்கள்

திங்கள்சந்தை வீடு:

எல்லாருக்கும் வணக்கம். திங்கள்சந்தை பக்கம் வீட்டு வேலை நடக்கிறது. பூச்சு முடிந்து வயரும் இழுத்தாயிற்று, இனி பெட்டி மாட்ட வேண்டியதுதான். வீட்டுக்காரர் சவுதியில், அதனால் கடை கடையாக அலைவது நான்தான். வயர்மேன் ஒரு துண்டு அட்டையில் சாமான் எழுதித் தந்துவிட்டு வேறு சைட்டுக்குப் போய்விட்டார், போன் அடித்தால் "கடையில காட்டுங்க, அவங்களுக்குத் தெரியும்" என்கிறார். அட்டையில் இருப்பதை அப்படியே தருகிறேன்: டிபி 4 வே டபுள் டோர் 1, எஃப்பி 40 ஐசோ 1, ஆர்சிசிபி எஃப்பி 40/30 1, எஸ்பி சி6 நான்கு, சி16 ஐந்து, சி20 மூன்று, கடைசியாக "டிபி 20 மோட்டார் 1". கனெக்ஷன் த்ரீ ஃபேஸ், மோட்டார் கிணற்றில் இறக்கிய 1 எச்பி சிங்கிள் ஃபேஸ்.

நாகர்கோவிலில் ஒரு கடையில் ஆர்சிசிபி என்றாலும் இஎல்சிபி என்றாலும் ஒன்றுதான் அக்கா என்றார்கள். அடுத்த கடையில் அதெல்லாம் பழசு, ஆர்சிபிஓ போடுங்கள், எம்சிபியே வேண்டாம் என்றார்கள். 40 ஐசோலேட்டரும் 40 எம்சிபியும் பார்க்க அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கிறது, விலை மட்டும் வேறு. ஒரு எம்சிபியில் கட்டம் போட்டு 6000 என்று இருக்கிறது, இன்னொன்றில் 10000. டிபி 4 வேயில் 12 எம்சிபி எப்படி உட்காரும் என்பதும் பிடிபடவில்லை. இதற்கிடையில் கொழுந்தன் சொல்கிறார், எல்லாவற்றையும் 32 ஆக வாங்கிப் போடுங்கள் மதினி, சும்மா சும்மா விழாது என்று. எதைக் கேட்பது?


தக்கலை வயர்மேன்:

முதலில் கொழுந்தன் சொன்னதை விடுங்கள். எம்சிபி என்பது கரண்டு கூடினால் தானாக விழும் சுவிட்ச், அது காப்பாற்றுவது மிக்சியையோ ஏசியையோ இல்லை, சுவருக்குள் போகிற வயரை. 1.5 ஸ்கொயர் எம்எம் வயரில் 32 போட்டால் அந்த வயரில் 25 ஆம்பியர் ஓடி இன்சுலேஷன் வெந்துகொண்டிருந்தாலும் எம்சிபி அசையாது, அதன் கணக்கில் 32 தாண்டவில்லையே. லைட், ஃபேனுக்கு 1.5 ஸ்கொயர் என்றால் 6 அல்லது 10, பவர் பிளக்குக்கு 2.5 ஸ்கொயரில் 16, ஏசி, ஹீட்டருக்கு 4 ஸ்கொயரில் 20. உங்கள் அட்டையில் இருப்பதும் இதே கணக்குதான், எழுதியவர் வேலை தெரிந்தவர். உள்ளே இழுத்திருப்பது அந்த ஸ்கொயர்தானா என்று மட்டும் வயர் மேலேயே அச்சடித்திருப்பதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

டிபி குழப்பம் எல்லாருக்கும் வருவதுதான். டிஸ்ட்ரிபியூஷன் போர்டும் நம் வாயில் டிபி, டபுள் போலும் டிபி, ட்ரிபிள் போலும் டிபி. பக்கத்தில் "வே" என்று இருந்தால் அது பெட்டி, ஆம்பியர் இருந்தால் அது சுவிட்ச். உங்கள் லிஸ்டில் முதலில் இருப்பது பெட்டி, கடைசியில் மோட்டாருக்கு எழுதியிருப்பது டபுள் போல். த்ரீ ஃபேஸ் பெட்டியில் 4 வே என்றால் ஒரு ஃபேஸுக்கு நான்கு, மூன்று ஃபேஸுக்குமாக 12 சிங்கிள் போல் உட்காரும். லிஸ்டில் எஸ்பி கூட்டிப் பாருங்கள், 12 வருகிறது.

போல் என்பது எத்தனை வயரை ஒரே நேரத்தில் வெட்டுகிறது என்பது, அவ்வளவுதான். எஸ்பி ஃபேஸை மட்டும் வெட்டும். டபுள் போல் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும். எஃப்பி, அதாவது ஃபோர் போல், மூன்று ஃபேஸும் நியூட்ரலும். எஸ்பிஎன், டிபிஎன் என்று பின்னால் ஒரு என் ஒட்டியிருந்தால் நியூட்ரலும் கூடவே திறக்கும், ஆனால் அந்தப் பக்கம் கரண்டைக் கவனிக்கும் ஆள் கிடையாது. த்ரீ ஃபேஸில் நியூட்ரலோடு ரொம்ப ஜாக்கிரதை வேண்டும். மூன்று ஃபேஸும் இருக்கும்போது நியூட்ரல் மட்டும் கழன்றால் 230க்கு இருக்கும் சாமானுக்கு 400 வரைக்கும் ஏறிவிடும், டிவி ஃப்ரிட்ஜ் ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் நல்ல எஃப்பியில் நியூட்ரல் கடைசியில் திறந்து முதலில் மூடும். பெட்டிக்குள் நியூட்ரல் ஸ்க்ரூவை வயர்மேன் இறுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தாலும் தப்பில்லை.

இப்போது லிஸ்டில் நான் மாற்றச் சொல்வது. எம்சிபி பார்ப்பது கரண்டு கூடிப்போனதா என்று. ஆர்சிசிபி பார்ப்பது போன கரண்டு திரும்பி வந்ததா என்று. ஃபேஸில் போனது நியூட்ரலில் வராமல் 30 மில்லி ஆம்பியர் எங்கோ ஒழுகினால், அது ஒருவேளை ஒரு ஆள் உடம்பு வழியாக இருக்கலாம், உடனே வெட்டும். 40/30 என்பதில் 30 அந்த மில்லி ஆம்பியர். 40 என்பது அது தாங்கும் கரண்டு, அதில் விழும் என்று அர்த்தமில்லை! 60 ஆம்பியர் ஓடினாலும் ஷார்ட் ஆனாலும் ஆர்சிசிபிக்குக் கவலை இல்லை, அது கருகும். ஐசோலேட்டரும் வெறும் சுவிட்ச், எதற்கும் தானாக விழாது, விலை குறைவு அதனால்தான். அப்போ உங்கள் லிஸ்டில் மெயினில் இருக்கும் ரெண்டு சாமானுமே ஓவர்லோடுக்கு விழாத சாமான். ஐசோவுக்குப் பதில் எஃப்பி எம்சிபி சி32 கேளுங்கள். கடையில் ரெண்டையும் கையில் வாங்கிப் பார்த்தால் வித்தியாசம் முகத்திலேயே தெரியும், எம்சிபியில் நம்பருக்கு முன்னால் பி, சி, டி என்று ஒரு எழுத்து நிற்கும், ஐசோலேட்டரில் அந்த எழுத்து இருக்காது.

இஎல்சிபி, ஆர்சிபிஓ பற்றி வேறு யாராவது எழுதட்டும், எனக்கு சைட்டுக்கு நேரமாயிற்று.


குளச்சல் காற்று:

அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனா வீடு முழுக்க ஒரே ஒரு எஃப்பி ஆர்சிசிபி என்பது சரிப்பட்டு வராது. எங்கள் வீட்டில் முதலில் அப்படித்தான் இருந்தது. ஐப்பசி மழையில் கேட் லைட்டுக்குள் தண்ணீர் இறங்கினால் போதும், ராத்திரி மொத்த வீடும் இருட்டு, ஃப்ரிட்ஜில் இருந்த மீனும் போச்சு. எந்த லைனில் ஒழுக்கு என்று தேட ஒவ்வொரு எம்சிபியாக இறக்கி ஏற்றிப் பார்க்கணும். அதுவும் சில நேரம் கைகொடுக்காது, எஸ்பி நியூட்ரலை வெட்டாது இல்லையா, ஒழுக்கு நியூட்ரல் பக்கம் என்றால் எம்சிபியை இறக்கினாலும் ஆர்சிசிபி நிற்காது.

பெர் ஃபேஸ் ஐசோலேஷன் என்று ஒரு வகைப் பெட்டி இருக்கிறது, கடையில் பிபிஐ என்பார்கள். அதில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் தனித்தனியாக டபுள் போல் ஆர்சிசிபி மாட்டலாம், மூன்றில் ஒன்று விழுந்தாலும் மற்ற ரெண்டும் எரியும். ஃப்ரிட்ஜை வெளி லைட்டோடும் பாத்ரூம் ஹீட்டரோடும் ஒரே ஃபேஸில் போடாதீர்கள்.

அப்புறம் நாங்கள் கடலுக்குப் பக்கம், உப்புக் காற்றில் டெர்மினல் ஸ்க்ரூவெல்லாம் பச்சை பூத்துவிடும். திங்கள்சந்தைக்கு அவ்வளவு இருக்காது. ஆனால் கிணற்றுப் பக்கம் வைக்கும் மோட்டார் பெட்டிக்கு ஐபி நம்பர் பார்த்து வாங்குங்கள். முதல் இலக்கம் தூசி, ரெண்டாவது தண்ணீர். ஐபி 20 என்றால் விரல் உள்ளே போகாது, தண்ணீருக்கு ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். வெளியே வைப்பதற்கு 54 அல்லது 65.


திங்கள்சந்தை வீடு:

ரொம்ப நன்றி, இதைப் படித்த பிறகுதான் அட்டையே புரிகிறது. இன்வெர்ட்டரும் வைக்கப்போகிறோம், பெர் ஃபேஸ் போட்டால் அதற்கு ஏதும் தொந்தரவு உண்டா? 6000, 10000 கதையும் யாராவது சொல்லுங்கள். பி, சி, டி எழுத்து என்ன என்பதும்.


கருங்கல் டூ ஷார்ஜா:

அக்கா, நான் இங்கே பேனல் செய்யும் கம்பெனியில் இருக்கிறேன், நாள் முழுக்க இந்த எழுத்துகளோடுதான் பிழைப்பு. ஒரு எம்சிபியைக் கையில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

முகத்தில் சி16 என்று இருக்கிறதா. உள்ளே விழவைக்க ரெண்டு ஏற்பாடு உண்டு. ஒன்று சூட்டில் வளையும் ரெட்டை உலோகத் தகடு, அது நிதானமான ஆள், ஓவர்லோடைப் பார்க்கும். இன்னொன்று ஒரு சுருள், ஷார்ட் ஆனால் கண் இமைக்கும் முன் இழுத்து விடும். எழுத்து சொல்வது அந்தச் சுருளைப் பற்றி மட்டும். பி என்றால் 3 முதல் 5 மடங்குக்குள், சி என்றால் 5 முதல் 10, டி என்றால் 10 முதல் 20. சி16 என்றால் 80க்கும் 160க்கும் நடுவில் எங்கோ ஒரு இடத்தில் அந்த நொடியே விழும். மோட்டார் கிளம்பும்போது ஓடுகிற கரண்டைப் போல ஆறு ஏழு மடங்கு ஒரு கணம் இழுக்கும், அதற்குப் பி பொசுக்கென்று விழுந்துவிடும், அதனால்தான் நம்மூர் வீடுகளுக்கு சி. வெல்டிங் செட், பெரிய டிரான்ஸ்பார்மர் மாதிரி சாமானுக்கு டி. வீட்டில் டி போட்டுவிட்டால் வயர் நீளமாக ஓடும் இடத்தில் ஷார்ட் ஆனாலும் அந்த 20 மடங்கு கரண்டு வராமலே போகலாம், சுருள் இழுக்காது, ஆகவே வேண்டாம்.

தகட்டின் கணக்கு மூன்று எழுத்துக்கும் ஒன்றுதான். போட்ட நம்பரைப் போல 1.13 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரம் வரை விழக்கூடாது, 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆகவேண்டும். 16 எம்சிபி 18 ஆம்பியரைத் தாங்கிக்கொண்டு இருக்கும், 23 போல வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் விழும். 16 போட்டால் 17ல் விழும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. இந்தக் கணக்கு 30 டிகிரி சூட்டில் எடுத்தது, சித்திரை வெயில் அடிக்கும் மேற்குச் சுவரில் பெட்டி இருந்தால் கொஞ்சம் முன்னாலேயே விழும்.

கட்டத்துக்குள் 6000, 10000 என்பது ஷார்ட் ஆகும்போது எத்தனை ஆம்பியர் வரை வெடிக்காமல் வெட்டும் என்பது. 6 கிலோ ஆம்பியர், 10 கிலோ ஆம்பியர் என்று சொல்வதும் அதைத்தான். எவ்வளவு வரும் என்பது உங்கள் தெரு டிரான்ஸ்பார்மரைப் பொறுத்தது. 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் என்றால் ஃபுல் லோடு சுமார் 133 ஆம்பியர், இம்பீடன்ஸ், அதாவது அதன் உள் தடை, 4.5 சதவீதம் என்று வைத்தால் அதன் காலடியிலேயே ஷார்ட் ஆனாலும் 3000 சுற்றித்தான். உங்கள் வீட்டுக்கு வருவதற்குள் சர்வீஸ் வயர் இன்னும் குறைத்துவிடும். 250 கேவிஏ பக்கத்தில் வீடு என்றால் 7000க்கு மேல் போகலாம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் 10000 எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள். கீழே சின்னச் சதுரத்தில் 3 என்று இருப்பது ஷார்ட்டின்போது எவ்வளவு சக்தியை உள்ளே விடாமல் தடுக்கும் என்ற வகுப்பு, மூன்றுதான் நல்லது. ஐஎஸ்ஐ முத்திரையோடு 60898 என்ற நம்பர் இருக்கணும். ஆர்சிசிபியில் அதற்குப் பதில் 12640 இருக்கும்.

இஎல்சிபி, ஆர்சிசிபி ஒன்றா என்றால், கடைக்காரர் பேச்சுக்கு ஒன்று, சாமானாக இல்லை. பழைய இஎல்சிபி சாமானின் உடம்புக்கும் எர்த்துக்கும் நடுவில் வோல்டேஜ் ஏறுகிறதா என்று பார்த்து விழுந்தது, எர்த் வயர் அதன் வழியாகவே போகும், எர்த் சரியில்லை என்றால் அது செத்த பாம்பு. இப்போது வருவதெல்லாம் கரண்டு வித்தியாசம் பார்ப்பதுதான், அதற்கு எர்த் வயரே தேவையில்லை. பெயர் மட்டும் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எர்த் தேவையில்லை என்றதும் எர்த் குழியை விட்டுவிடாதீர்கள், எர்த் இருந்தால் நீங்கள் தொடுவதற்கு முன்பே விழும், இல்லாவிட்டால் தொட்ட பிறகு விழும்.

ஆர்சிபிஓ என்பது ஆர்சிசிபியும் எம்சிபியும் ஒரே உடம்பில். கடைக்காரர் சொன்னது பொய் இல்லை, ஆனால் 12 லைனுக்கும் 12 வாங்கினால் கையைக் கடிக்கும், மெயினில் ஒன்றே ஒன்று போட்டால் கீழே வயருக்குத் தகுந்த எம்சிபி எப்படியும் வேண்டும். ஹீட்டருக்கு மட்டும் தனியாக ஒன்று போடலாம், மனசு இருந்தால்.

இன்னொன்று, ஆர்சிசிபி முகத்தில் ஒரு கட்டத்துக்குள் அலை வரைந்திருக்கும். ஒரே ஒரு வளைந்த அலை மட்டும் என்றால் டைப் ஏசி, அதன் கீழே பாதி அலைத் துண்டுகளும் இருந்தால் டைப் ஏ. இன்வெர்ட்டர் ஏசி, புது வாஷிங் மெஷின் எல்லாம் உள்ளே எலக்ட்ரானிக்ஸ், ஒழுக்கு வந்தால் சுத்தமான அலையாக வராது, அதைப் பிடிக்க டைப் ஏ வேண்டும். இந்த ஏசிக்கும் குளிரூட்டும் ஏசிக்கும் சம்பந்தமில்லை, கடையில் "ஏசிக்கு ஆர்சிசிபி" என்று கேட்டால் டைப் ஏசியை எடுத்துத் தந்துவிடுவார்கள், உஷார்.


பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷம்:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும் அண்ணன்மாரே, எனக்கு வைவா வருகிறது. எம்சிசிபி, ஏசிபி, விசிபி, எஸ்எஃப்6 எது எங்கே? ஐசியு, ஐசிஎஸ் என்றும் ஒன்று கேட்பார்களாம்.


முப்பந்தல் காற்றாடி:

ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடி மெயின்டனன்ஸில் இருக்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன் தம்பி. எழுத்தில் பெரும்பாலும் ஒளிந்திருப்பது தீப்பொறியை எதில் வைத்து அணைக்கிறார்கள் என்பதுதான். ஏசிபி காற்றில், விசிபி வெற்றிடத்தில், எஸ்எஃப்6 அந்த வாயுவில். எம்சிபி, எம்சிசிபி பெயர்கள் மட்டும் உருவத்தை வைத்து வந்தவை, மினியேச்சர், மோல்டட் கேஸ். எம்சிபி பொதுவாக 63, கூடினால் 125 ஆம்பியர் வரை, எம்சிசிபி அதற்கு மேல் பல நூறு, ஏசிபி 630ல் தொடங்கி 6300 வரை, இதெல்லாம் லோ வோல்டேஜ். எங்கள் காற்றாடியின் அடியில் ஏசிபி, வெளியே 33 கேவி யார்டில் விசிபி, 110 கேவி துணைமின் நிலையத்துக்குப் போனால் எஸ்எஃப்6.

ஐசியு என்றால் உச்சபட்சம் எவ்வளவு ஷார்ட் கரண்டை வெட்டும் என்பது, ஆனால் வெட்டிய பிறகு அந்த பிரேக்கரை மறுபடி வேலைக்கு நம்பலாம் என்று உத்தரவாதம் இல்லை. ஐசிஎஸ் என்றால் வெட்டிய பிறகும் தொடர்ந்து வேலை செய்யும் அளவு, ஐசியுவில் 25, 50, 75, 100 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். கம்பெனி விளம்பரம் பெரிசாகக் காட்டுவது ஐசியுவை, வாங்கும்போது பார்க்க வேண்டியது ஐசிஎஸ்ஸை. இதைச் சொன்னால் எக்ஸ்டர்னல் அடுத்த கேள்வி கேட்க மாட்டார்.

ஏசிபியை விழவைக்கும் ரிலீஸில் எல், எஸ், ஐ, ஜி என்று நான்கு எழுத்து வரும். லாங் டைம், ஷார்ட் டைம், இன்ஸ்டன்டேனியஸ், கிரவுண்ட். சிங்கிள் லைன் டயகிராமில் 52 என்று பார்த்தால் அது பிரேக்கரே, 50 உடனடி ஓவர்கரண்ட் ரிலே, 51 நேரம் தாழ்த்தி விழும் ரிலே, 87 டிஃபரென்ஷியல், போனதும் வந்ததும் ஒன்றா என்று பார்ப்பது. 87ஐப் புரிந்துகொண்டால் அந்த அக்காவின் ஆர்சிசிபியும் அதே தத்துவம்தான் என்று தெரியும்.


தக்கலை வயர்மேன்:

இன்வெர்ட்டர் கேள்வி விட்டுப்போச்சே. அதில்தான் நிறைய வீட்டில் ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுகிறது என்று கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலைக் கிட்டத்தில் இருக்கிறது என்று வேறு ஃபேஸின் நியூட்ரலோடு முறுக்கிவிட்டால், ஒரு ஆர்சிசிபி வழியாகப் போனது இன்னொன்று வழியாகத் திரும்பும், ரெண்டுமே ஒழுக்கு என்று நினைத்து விழும். பெர் ஃபேஸ் பெட்டியில் ஒவ்வொரு ஆர்சிசிபிக்கும் தனி நியூட்ரல் பார் இருக்கும், ஒரு ஃபேஸ் லைனின் நியூட்ரல் அதன் பாரில் மட்டும்தான் நிற்கணும். சுவிட்ச் போர்டுக்குள்ளும் கலக்கக் கூடாது. பூச்சு முடிந்துவிட்டது என்கிறீர்கள், வயர் இழுத்தவரிடம் நியூட்ரல் தனித்தனியா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள். கலந்திருந்தால் பெர் ஃபேஸ் பெட்டி வாங்கி பிரயோஜனம் இல்லை.

ஆர்சிசிபி இருக்கிறது என்று பயம் விட்டுப்போகவும் கூடாது. ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தால் போனது முழுசாகத் திரும்பி வருகிறது, அதற்கு ஒன்றும் தெரியாது.


திங்கள்சந்தை வீடு:

வயர்மேனைப் பிடித்துவிட்டேன். நியூட்ரல் எல்லாம் தனித்தனியாகத்தான் இழுத்திருக்கிறாராம், "ஆர்சிசிபி போடணும்னுதான் அப்படி இழுத்தேன்" என்றார். பெர் ஃபேஸுக்கும் சம்மதம், செலவைப் பார்த்துத்தான் ஒன்று எழுதினாராம். இப்போது லிஸ்ட் இப்படி: பெர் ஃபேஸ் பெட்டி 4 வே, எஃப்பி எம்சிபி சி32 ஒன்று, டபுள் போல் ஆர்சிசிபி 40/30 டைப் ஏ மூன்று, எஸ்பி பழையபடி 12, எல்லாம் 10000. மோட்டாருக்கு டபுள் போல் சி20, ஐபி 65 பெட்டியில். சரிதானா?


தக்கலை வயர்மேன்:

எல்லாம் சரி மக்கா, மோட்டாரை மட்டும் பாருங்கள். 1 எச்பி சிங்கிள் ஃபேஸ் ஓடும்போது ஏழு ஆம்பியர் அளவுதான் எடுக்கும், 20 போட்டால் மோட்டார் ஜாமானால் அது விழுவதற்குள் மோட்டார் எரிந்துவிடலாம். சி10 போதும், கிளம்பும்போது விழுந்தால் சி16. மோட்டாரைக் காப்பது ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் ஓவர்லோடு, அதை மோட்டார் தகட்டில் இருக்கும் ஆம்பியருக்குத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். கனெக்ஷன் வந்ததும் மூன்று ஆர்சிசிபியிலும் டி என்று போட்ட டெஸ்ட் பட்டனை வயர்மேன் முன்னாலேயே அமுக்கிப் பாருங்கள், விழாததை அன்றைக்கே கடையில் மாற்றிவிடலாம், அதனால் பில்லைத் தொலைத்துவிடாதீர்கள்.